ராகு கால ஃபைல்

விழிதியூர்ல வீட்டு மாடியில உட்கார்ந்துகிட்டு ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுறவன் நான். அதை எழுதுற எடிட்டர் சாஃப்ட்வேரை என் வசதிக்கு மாத்தி மாத்தி, அந்த செட்டிங்கையெல்லாம் சின்னச் சின்ன ஃபைலாப் பிரிச்சு வச்சிருந்தேன். நிறத்துக்கு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணு, தமிழ் தட்ட ஒண்ணு. வேலை பார்த்த நேரத்தைவிட இதை நோண்டின நேரம்தான் ஜாஸ்தி. அதுல மமதை வேற. போன வருஷம் அத்தனையையும் இணையத்துல பொதுவுல போட்டு, ‘ஒவ்வொண்ணும் தனித்தனி. வேண்டாததை அழிச்சுடுங்க, ஒண்ணும் ஆகாது’ன்னு பெருமையா எழுதினேன்.

உலகமே அள்ளிக்கிட்டுப் போகும்னு பார்த்தேன். ஒரே ஒரு ஆள்தான் எடுத்தாங்க. திருநள்ளாறுலேருந்து எங்க கம்பெனியில புதுசாச் சேர்ந்த பொண்ணு. பயிற்சிக் காலம். கடைசி வேலையை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள்ள அனுப்பினாத்தான் வேலை நிரந்தரம்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு போன்.

“அண்ணே, அரை மணியா சேவ் ஆக மாட்டேங்குது. ‘பொறு’ன்னு மட்டும் வருது!”

அந்தப் ‘பொறு’ நான் எழுதி வச்சதுதான். முன்னாடி ஒரு தடவை நான் அனுப்பின வேலை கம்பெனியையே முடக்கிப் போட்டுச்சு. தப்பு என்னோடதுதான். ஆனா அப்பா, “நேரம் பார்த்துச் செய்யக் கூடாதாடா?”ன்னார். பழியைத் தூக்கி ராகு தலையில போட எனக்கும் வசதியா இருந்துச்சு. ராகு காலத்துல சேவ் பண்ணவே விடாத ஒரு ஃபைலை எழுதி வச்சேன். பொதுவுல போடும்போது அதை எடுக்க மறந்து தொலைச்சிருக்கேன்.

விஷயத்தைச் சொன்னேன். “நிஜமாவாண்ணே?”ன்னாங்க.

“அந்த ஒரு ஃபைலை மட்டும் அழிச்சுட்டு மறுபடி திறம்மா. எல்லாம் தனித்தனிதான்.”

அழிச்சாங்க. எடிட்டரே திறக்கலை. ராகு காலத்தைக் கேட்டு நிறம் மாறும், நிறத்தைக் கேட்டு எழுத்து வரும்னு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு வச்சிருந்தது எனக்கே அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. தனித்தனியாம், என் மூஞ்சி! பத்தரைக்கு மேல அவங்க எழுதினது அத்தனையும் போச்சு.

“இனிமே நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. நான் நோட்பேடுலயே எழுதிக்கிறேன்.” போனை வச்சுட்டாங்க. குரல் அழுகைக்குப் பக்கத்துல இருந்துச்சு. சனீஸ்வரன் ஊர்ப் பொண்ணுக்கு நான் ஒரு தனிச் சனியா வந்து வாய்ச்சேனேன்னு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். திரும்பக் கூப்பிட்டுக் கேக்க தைரியம் இல்லை.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு செய்தி வந்துச்சு. “வேலை நிரந்தரமாயிடுச்சுண்ணே. ராகு காலத்துலயேதான் அனுப்பினேன்.”

அப்பாடா! மனசு குளிர்ந்துச்சு, வெக்கமும் பிடுங்கித் தின்னுச்சு. இந்தச் சனியனை இப்பவே ஒழிக்கிறேன்னு அந்த ஃபைலைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழிச்சு, சேவ் அழுத்தினேன்.

‘பொறு’ன்னு வந்துச்சு. புதன்கிழமை பன்னிரண்டுலேருந்து ஒன்றரை.

நோட்பேடுல திறந்து அழிக்கத் தெரியாதவனா நான்? தெரியும். ஆனாலும் எதுக்கு வம்பு, ஒன்றரை ஆகட்டும்னு கீழே சாப்பிடப் போயிட்டேன்.