ஐம்பத்து மூன்று இட்லி

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். கீரனூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் புது டீச்சர். இருபத்தாறு மாணவிகளைத் திருமயம் கோட்டைக்கு அழைத்துப் போக அனுமதி வாங்கிவிட்டேன். பலருக்கு அதுதான் முதல் பஸ் பயணம். எனக்கே ஒரு வாரமாகத் தூக்கமில்லை!

மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருமயத்தில் ஒரு காபி கிளப்பில் இட்லி சொல்ல வேண்டும். அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். சொன்ன கணக்குக்கு மேல் அவிக்க மாட்டார்கள். அதனால் வகுப்பிலேயே ஒவ்வொருத்தியாக எழுப்பி எத்தனை வேண்டும் என்று கேட்டேன். முதல் பெண் “ரெண்டு டீச்சர்” என்றாள். அப்புறம் எல்லோருமே ரெண்டு. ஒருத்தி மட்டும் ஒன்று போதும் என்றாள். எனக்கும் இரண்டு சேர்த்து ஐம்பத்து மூன்று என்று கார்டு எழுதிப் போட்டேன். கணக்குப் பிசகாமல் செய்ததில் ஏக பெருமை.

கோட்டையில் ஒரே கும்மாளம். பீரங்கி மேட்டுக்கு ஓட்டப் பந்தயமே நடந்தது. வெயிலில் இறங்கி வந்து இலை முன் உட்கார்ந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஐம்பத்து மூன்றும் காலி! யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்தாள். பிள்ளைகள் பட்டினியாகத் திரும்பினால் இனி எந்தத் தாய் அனுப்புவாள்?

கடைக்காரர் கையை விரித்தார். அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளேயிருந்து வந்தார்.

“கோட்டை ஏறி எறங்குன புள்ளைகளுக்கு ரெண்டு இட்லி எந்த மூலைக்குங்க? நாளைக்கு அரைச்ச மாவு இருக்குல்ல, தோசையா ஊத்துவோம்.”

“அப்ப நாளைக்குக் கடை?” என்றார் கணவர்.

“சாத்திட்டு ஒறங்குவோம்!”

இரண்டு அடுப்பு மூட்டினார்கள். புளிக்காத மாவு கல்லில் ஒட்டியது. பெரிய பெண்கள் நாலு பேர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தாங்களே ஊற்ற ஆரம்பித்தார்கள். தோசை வரவர ஆரவாரம். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். சத்தம் போட உள்ளே வந்தவர், வாசனைக்கு மயங்கி அவரும் ஓர் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு இட்லி போதும் என்றவள் ஆறு தோசை தின்றாள்.

“இந்தக் கணக்க எப்படிங்க போட்டீங்க?” என்று அந்த அம்மாள் சிரித்தபடி கேட்டார்.

“எல்லாரையும் கேட்டுத்தான்...” என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. வீட்டில் ஐந்து இட்லி தின்கிறவள் நான். பிள்ளைகள் எதிரில் என் பெயருக்கு நேரே இரண்டு என்றுதான் எழுதியிருந்தேன். அவர்கள் மட்டும் நிஜத்தைச் சொல்வார்களா?

பஸ்ஸில் வழிநெடுகப் பாட்டுதான். மறுநாள் பூட்டியிருக்கப்போகும் அந்தக் கடையை நான் மட்டும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

இன்றும் என் வீட்டுப் பந்தியில் யாராவது “எனக்குப் போதும்” என்றால், அவர்கள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைக்கிறேன்.