பெரிய கடைக்கு எதிரே பரிமளம் அக்கா

பரிமளம் அக்கா இறந்துபோன செய்தியை அவருடைய கணவர்தான் போனில் சொன்னார். "தம்பி, ஒங்க அக்கா போயிட்டா. கடையத் தொறக்கணும்னு எந்திரிச்சா, அப்படியே உக்காந்துட்டா." வணிகர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நான் செய்தியைப் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே நம் உறுப்பினர் ஒருவர் சந்தைத் திடலில் வந்திருக்கும் பெரிய கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தை அனுப்பியிருந்தார். வீட்டுக் குழுவுக்குப் போக வேண்டியது தவறி இங்கே வந்துவிட்டதாம். அக்கா இருந்திருந்தால் நேரே அந்த உறுப்பினரின் கடை வாசலுக்குப் போய்க் கேட்டிருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நம் கடைத்தெருவில் அவருடைய மளிகைக் கடையும் என்னுடைய ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. அதனால் அவர் திட்டுவதையெல்லாம் தினமும் கேட்டேன். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேராவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். ஒருமுறை, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர் வந்து இரண்டு கிலோ சீனி கேட்டார். அக்கா தரவில்லை. "வீட்டுல விசேசம்மா" என்றார் அவர். "அப்ப ஒங்க வீட்டுக்காரம்மாவ வரச் சொல்லுங்க, குடுக்குறேன்" என்றார் அக்கா. பெரியவர் கோபித்துக்கொண்டு எதிரே இருந்த இன்னொரு மளிகைக் கடையில் வாங்கிப் போனார். விசேஷம் உண்மையிலேயே இருந்தது. நாங்கள் இருவருமே அதற்குப் போனோம்.

சின்னக் கடைகளுக்காக வாதாட இவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. பெரிய கடை வரட்டும் என்று சொன்னவர்கள் பலரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அங்க போனா யாரும் வைய மாட்டாங்கல்ல?" நான் அக்காவிடம் கெஞ்சியே கேட்டேன். "இந்தப் பிரச்சினை முடியிற வரைக்கும் கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்கக்கா." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் சிரிச்சாப் பருப்பு வெலை கொறையுமா தம்பி?"

பிரச்சினை எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சந்தைப் பேட்டைத் திடலை ஒரு பெரிய கடை நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப்போவதாகப் பேரூராட்சி அறிவித்தது. நமது ஊர் வளர்கிறது என்று முச்சந்தியில் தட்டி வைத்தார்கள். புதன்கிழமைச் சந்தை குப்பைக் கிடங்கின் பக்கத்துக்கு மாறும் என்ற விஷயம் அதே தட்டியின் அடியில், குனிந்து படிக்கிற அளவில் இருந்தது.

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பேரூராட்சித் தலைவி மேடையில் உட்கார்ந்திருந்தார். மைக் அவருடைய கணவர் கையில் இருந்தது. அக்கா எழுந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார். "நாங்க ஓட்டுப் போட்டது தலைவரம்மாவுக்கு. அவங்களப் பேச விடுங்க." கணவர் சிரித்தார். "யாரு பேசினா என்னங்க, ஒரே குடும்பந்தான?" என்று சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் பெரிய கடையில் சாமான் வாங்குகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கூடத்தில் பாதிப் பேருக்குமேல் கை தூக்கினார்கள். நம் சங்கத்துக்காரர்களின் வீட்டுப் பெண்களும் தூக்கினார்கள்.

அக்கா உட்காரவில்லை. "சரி, கைய எறக்குங்க. புயலடிச்சுக் கரன்ட் இல்லாமக் கெடந்தமே, அப்ப எந்தக் கடைக் கதவத் தட்டுனீங்க?"

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னார்: "ஒங்க கதவத்தாம்மா தட்டுனோம். வஞ்சுக்கிட்டேதான் மெழுகுவத்தி குடுத்தீங்க." எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்தது. பொதுமக்கள் பெருவாரியாக ஆதரவு தெரிவித்தனர் என்று பேரூராட்சியின் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு நாம் கடையடைப்பு நடத்தினோம். வேண்டாம் என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டார். "நாம இல்லாமலே ஊரு நடக்கும்னு நாமளே காட்டவா?" யார் கேட்டோம்? அன்று ஊர் ஜனம் முழுக்க பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தது. சங்கத் தலைவரின் பேக்கரியில் பின்கதவு வழியாக பன் விற்பனை அமோகமாக நடந்தது.

அந்தத் தலைவரைப் பற்றி நான் எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். திடலை ஒட்டிய தன் காலி மனையை வண்டி நிறுத்துமிடமாக அந்த நிறுவனத்துக்கே வாடகைக்கு விட்டிருந்தார். வேலி போட்டு போர்டு மாட்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த வாரம் அவர் மகனுக்குக் கல்யாணம். அக்கா போக மாட்டார் என்று நினைத்தேன். போனார், மொய் எழுதினார், நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் தலைவர் வந்து, "சாப்பாடெல்லாம் எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டார். "சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. எடத்தக் குடுத்தீங்க பாருங்க, அதுதான் வாயில வைக்க முடியல" என்று சொல்லிவிட்டு அக்கா பீடா எடுத்துக்கொண்டு கிளம்பினார். தலைவர் இன்னமும் தலைவராகத்தான் இருக்கிறார்.

சந்தை இடம் மாற வேண்டிய முதல் புதன்கிழமை வந்தது. அக்கா ஊர்வலம் எதுவும் கூட்டவில்லை. முந்தைய வாரமே வியாபாரிப் பெண்களிடம், "எப்பவும் வர்ற மாதிரி வாங்க, உக்கார்ற எடத்துல உக்காருங்க" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். விடியும்போது மீமிசல் மீனும், வல்லத்திராக்கோட்டைக் கீரையும், கறம்பக்குடிப் பக்கத்துக் கடலையும் திடலில் பரப்பியாகிவிட்டது. பள்ளம் தோண்ட வந்த ஜேசிபி டிரைவர் பார்த்தார், இன்ஜினை அணைத்துவிட்டு வெண்டைக்காய் வாங்கப் போய்விட்டார். பேரூராட்சியின் செயல் அலுவலர் ஓடி வந்தார்.

"ஒங்களுக்கு வேற எடம் ஒதுக்கியாச்சும்மா."

"ஒதுக்குன எடத்துல நீங்க ஒரு நா உக்காந்து மத்தியானச் சாப்பாடு சாப்புட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் நாங்க அங்கிட்டு வாரோம்."

வெயில் ஏறும்வரை பேச்சு இழுத்தது. கடைசியில் சாலையோரப் பாதித் திடல் சந்தைக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நம் சங்கம் பட்டாசு வெடித்தது. "பாதியப் புடுங்கிட்டுப் போயிருக்கான், அதுக்கு வெடி போடுறீங்களா?" என்று அக்கா எங்களைப் பார்த்துக் கத்தினார். அவர் சொன்னது சரி. மீதிப் பாதியில் பெரிய கடை எழும்பியது. திறப்பு விழாவன்று, அந்தக் கடை வேண்டாமென்று நாம் நடத்திய கையெழுத்து இயக்கத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர்கள் முதல் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கடைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த அக்கா ஒருநாள் உள்ளே போனார். அவருடைய தங்கை மகள் அங்கே பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "எனக்குச் சண்டை கடைக்காரன்கூட. சம்பளத்துக்குப் போற பிள்ளைகூட என்ன சண்டை?" என்று அதை ஒரே பேச்சில் முடித்துக்கொண்டவர்தான். ஆனால் நாள் முழுக்க நின்று அந்தப் பெண்ணின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்தபின் அவருக்குப் பொறுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளைக உக்கார நாற்காலி போடுங்க. சட்டமே இருக்கு" என்றார் மேனேஜரிடம்.

"ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்மா."

"கேளுங்க. அதுவரைக்கும் நான் இங்கனயே நிக்கிறேன்."

பில் போடும் இடத்தை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டது. வாங்க வந்தவர்கள் கடைக்காரரை விட்டுவிட்டு அக்காவைத் திட்டினார்கள். நம் ஊர் ஜனம்தான். கடைசியில் குடோனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. அடுத்த வாரமே அவை காணாமல் போயின. அக்கா மறுபடியும் போனார். மூன்றாவது தடவை, அவர் படியேறுவதைப் பார்த்ததுமே நாற்காலிகளை எடுத்துப் போட்டார்கள். அதன் பிறகு எடுக்கவில்லை.

சென்ற வாரம் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தோம். பேரூராட்சித் தலைவியின் கணவர் ஆளுயர மாலையோடு வந்து, சந்தை வாசலில் அக்காவின் பெயரில் அலங்கார வளைவு கட்டப்படும் என்று அறிவித்தார். கைத்தட்டல் ஓய்ந்ததும் கீரை விற்கும் ஓர் அம்மாள் எழுந்தார். "வளைவு எதுக்குங்க? அந்தம்மா எங்களுக்குக் கக்கூசுதான கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதக் கட்டிக் குடுங்க." அது பரிசீலனையில் இருக்கிறதென்று பதில் வந்தது. அக்கா உயிரோடு இருந்த காலம் முழுவதும் அது பரிசீலனையில்தான் இருந்தது.

கழிப்பறை கேட்டு அக்கா போட்ட மனுக்களையெல்லாம் என் கடையில் டைப் அடித்துக் கொடுத்தவன் நான். ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது, "விடுங்கக்கா, முடிஞ்சு போச்சு" என்பேன். அவர் சொல்வார்: "முடிக்கணும்னு அவசரம் அவங்களுக்குத் தம்பி. நமக்கு என்ன அவசரம்?" அவருடைய கோபம் எனக்கு வராது. நான் சீக்கிரம் சலித்துப் போகிறவன். ஆனால் அந்த அவசரமின்மையை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கழிப்பறை மனுவைப் புதிதாக அடித்து, சந்தைப் பெண்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். "அந்தம்மாதான் போயிட்டாங்களே, இன்னும் எதுக்கு சார்?" என்று கேட்டார் எழுத்தர். நான் பெஞ்சில் உட்கார்ந்து, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னேன்.