செல் மாற்று சிகிச்சை கேட்க பவானியிலிருந்து கோவைக்கு

போன மாசியில் நானும் என் கணவர் செந்திலும் பவானியிலிருந்து கோயம்புத்தூர் போய்வந்தோம். ஊர் பார்க்க அல்ல. பள்ளி நாளிலிருந்து இன்சுலின் ஊசியில் ஓடுகிற உடம்பு எனக்கு. சில வருடங்களாகச் சர்க்கரை இறங்கினால் முன்பு போல வேர்ப்பதில்லை, கை நடுங்குவதில்லை, நேராக மயக்கம்தான். இன்சுலின் சுரக்கும் செல்களையே உடம்புக்குள் வைக்கும் சிகிச்சை இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரிக்கக் கிளம்பினோம். அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குப் பேருந்து. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் அடிக்காது.

பெருந்துறை தாண்டியதும் வயல்மேல் பனி படுத்திருந்தது. தென்னைகள் வேரில்லாமல் மிதந்தன. ஒரு மில்லின் புகைபோக்கி எங்கள் கூடவே மெதுவாக நடந்து வந்தது. இவ்வளவு அழகான சாலையா இது என்று நினைத்தேன். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு குரல்.

"அம்மணி, உம் பேரென்ன? பேரச் சொல்லு."

சிரிப்பு வந்தது. பேர்தான் வரவில்லை.

எனக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. பேர் கேட்ட செந்தில்தான் குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறார். நடத்துனர், "வண்டிய ஆஸ்பத்திரிக்கு உடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவிநாசி வரும்போது எனக்குத் தெளிந்துவிட்டது. செந்தில் குளுக்கோஸ் பாட்டிலை இன்னும் மூடாமலே பிடித்திருந்தார்.

காந்திபுரத்தில் இறங்கி ஆட்டோவில் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "இறந்தவங்க தானமாக் குடுத்த கணையத்திலிருந்து அந்தச் செல்களைப் பிரிச்சு, கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல உடுவாங்க. அங்கியே தங்கி இன்சுலின் சுரக்குமுங்க. சிலருக்கு ஊசியே வேண்டியதில்லை. சிலருக்குக் கொஞ்ச வருஷத்துல மறுபடி வேணும். ஆனா இந்த மயக்கம் பெரும்பாலும் நின்னுரும்."

முகம் தெரியாத ஒருவரின் செல்கள் என் கல்லீரலில் குடியேறி, நான் தூங்கும்போதும் விழித்திருப்பதை நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கம் இது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை என்றார். செய்துகொண்டாலும், உடம்பு அந்தச் செல்களை அழித்துவிடாமல் இருக்க அவை வேலை செய்யும் காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டுமாம்.

"குழந்தைக்குப் பார்த்துட்டிருக்கோமுங்க," என்றேன்.

"அந்த மாத்திரையில சிலது கருவப் பாதிக்கும், கண்ணு."

செந்தில் குறுக்கே புகுந்தார். "குழந்தை இல்லாட்டிப் போகுதுங்க. இவ இருந்தாப் போதும்."

"எனக்குப் போதாதுங்க," என்றேன் அவரிடம்.

மருத்துவர்தான் வழி சொன்னார். சர்க்கரை இறங்கும்போதே அலாரம் அடிக்கும் சென்சாரை முதலில் போட்டுப் பார்ப்போம். அதிலும் மயக்கம் நிற்காவிட்டால் செல் மாற்று பற்றி மறுபடி பேசுவோம் என்று. அன்றே கையில் ஒட்டி, என் கைப்பேசியோடு இணைத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில், விஜயமங்கலம் பக்கம், கைப்பேசி அலறியது. தூங்கிக்கொண்டிருந்த பாதிப் பேருந்து விழித்துக்கொண்டது. வழக்கம்போல எனக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இந்த முறை குளுக்கோஸை நானே எடுத்துச் சாப்பிட்டேன். செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகிறவர்கள் பழைய பரிசோதனை முடிவுகளைக் கொண்டுபோங்கள். துணையில்லாமல் போகாதீர்கள். இன்சுலின் நிற்குமா என்று கேட்கும்போதே, அதற்குப் பதிலாக என்ன சாப்பிட வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். இப்போது வீட்டில், பெண் பிறந்தால் என்ன பேர் வைப்பது என்று தினமும் சண்டை நடக்கிறது.