தலைகீழாய் நின்ற ஆண்டெனா

2023 மார்ச் 10: 20 + 20 = 40
மார்ச் 17: 20 – 20, மீட்டரில் 3
மார்ச் 24: 20 மட்டும்
மார்ச் 31: 20 + 20 = 40

இவை பெங்களூரு ஜோகுபாளையத்தில் என் வீட்டு மொட்டைமாடியில், வெள்ளிதோறும் காலை ஏழு மணிக்கு நான் எடுத்த அளவுகள், மில்லிவோல்ட்டில். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சமூக வானொலியின் அலை என் வீடுவரை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதே கணக்கு.

அங்கே டிரான்ஸ்மிட்டரைக் கவனிப்பவர் கிளெமென்ட், வயது 57. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். அது மார்ச் 31இல் முடியும். மார்ச் 20இல் மேலாளர் டிரேவர் கடிதம் கொடுத்தார்: ஊரில் நிகழ்ச்சி கேட்கவில்லை, கருவி உங்கள் அலட்சியத்தால் கெட்டது, ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தம் நீளாது.

கருவியோ முழுத் திறனையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு ஆண்டெனா. ஆளுக்குப் பாதித் திறன். 24ஆம் தேதி விடிந்ததும் கிளெமென்ட் கீழ் ஆண்டெனாவைக் கழற்றி, அதன் பாதியை வெப்பமாக்கித் தீர்க்கும் பெட்டிக்குத் திருப்பிவிட்டார். என் மீட்டர் 3இலிருந்து 20க்கு ஏறியது. அவருக்குப் போனில் சொன்னேன்.

கிளெமென்ட் அதைப் போய்ச் சொன்னபோது டிரேவர் நம்பவில்லை. "பாதி பவரைக் கழட்டிட்டு சிக்னல் ஜாஸ்தின்றீங்களே அங்கிள், இது எந்த ஊரு லெக்க?"

"ரெண்டு பேர் ஒரே பக்கம் தள்ளுனா ஆட்டோ போவும் சார். ஆளுக்கொரு பக்கம் தள்ளுனா?"

"அப்போ அந்தப் பவரெல்லாம் எங்க போச்சு?"

"மேல வானத்துக்குப் பாதி, கீழ தரைக்குப் பாதி. பத்து நாளா காக்காய்ங்களுக்கு நம்ம புரோகிராம் நல்லா கேட்டிருக்கும்."

கோபுரத்துக்கு வர்ணம் பூச 13ஆம் தேதி கீழ் ஆண்டெனாவை இறக்கியவர் கோபுரம் ஏறும் தொழிலாளி உத்தமன். திரும்ப மாட்டும்போது தலைகீழாக மாட்டியிருந்தார். மேல் அலை ஏறும் கணத்தில் கீழ் அலை இறங்கியது. ஊரை நோக்கிய திசையில் ஒன்றை ஒன்று ஏறக்குறைய முழுக்க அழித்தன; மிஞ்சியது அந்த 3.

"கேபிள் வாயில மழைத்தண்ணி எறங்கிடும்னு திருப்பி வெச்சேண்ணா. நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார் உத்தமன்.

அன்றே நேராக மாட்டினார்கள். அலையின் வீச்சு 20இலிருந்து 40 ஆகும்போது இரண்டு மடங்கு. என் வீட்டில் வந்து சேரும் திறனோ நான்கு மடங்கு.

விளக்கக் கடிதத்தில் உத்தமன் பெயரை எழுதிவிடும்படி சொன்னேன். கிளெமென்ட் கேட்கவில்லை. "வர்ணம் பூசியபின் நான் ஏறிப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது" என்று எழுதி, என் அளவுகளின் நகலை இணைத்து, 27ஆம் தேதி கொடுத்தார். 31 கடந்தது. பதில் இல்லை. ஒப்பந்தம் இல்லாமலே தினமும் காலை ஐந்தரைக்குப் போய் டிரான்ஸ்மிட்டரை இயக்கினார்.

ஓராண்டு நீட்டிப்புக் கடிதம் அவர் கைக்கு வந்தது 2023 ஏப்ரல் 6, வியாழக்கிழமை.