கொடியை விடாத சவரிமுத்து

ஈரச் சுண்ணாம்பின் காரமான வாசனையோடுதான் எங்களுக்கு நவம்பர் பிறக்கும். கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் மைசூரின் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தத்தம் குடும்பக் கல்லறைக்கு வெள்ளையடிக்கும்போது, அது சாமந்தி மாலைகளின் மணத்தையும் மீறி மூக்கில் ஏறும். எங்கள் வீட்டில் "பாட்டன் கல்லு" என்று சொல்லப்பட்டது அம்மாவின் தாத்தா சவரிமுத்துவின் கல்லறை. நாடு விடுதலை பெறுவதற்கு முன், ஓர் ஊர்வலத்தில், கையிலிருந்த கொடியைக் கீழே போடச் சொன்னபோது மறுத்து, தடியடியில் உயிர்விட்டவர். கூட வேலை செய்த மில் தொழிலாளர்கள் நட்ட கருங்கல்லில் "கொடியை விடாத சவரிமுத்து" என்று தமிழில் மட்டும் செதுக்கியிருந்தது.

எனக்குப் பத்து வயதானபோது, ஊர்ப் பிரமுகர் ஒருவர் தியாகிக்கு மரியாதை செய்யக் கிளம்பினார். கல்லறைத் திருநாளன்று பழைய கல்லை உடைத்தெடுத்துவிட்டுப் புது கிரானைட் பலகை வைத்து விழா எடுப்பதாக ஏற்பாடு. பலகை வந்திறங்கியதும் அம்மா போய்ப் பார்த்தாள். மேலே பிரமுகரின் பெயர் பொன்னெழுத்தில் பெரிதாக இருந்தது. அடியில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சின்னதாகப் பாட்டனின் பெயர். தமிழ் இல்லை. கொடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கல்லறைக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கே வந்து சமாதானம் பேசினார். "காவிரி கலாட்டா இப்பத்தாம்மா அடங்கியிருக்கு. தமிழ் எழுத்தப் பாத்தா யாராவது ஏதாவது பண்ணுவாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

"எங்க தாத்தா அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா அன்னைக்கு உயிரோட வீட்டுக்கு வந்திருப்பாரு சார்" என்றாள் அம்மா.

விழாவன்று காலை கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது, ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய நர்ஸ் புடவையிலேயே அம்மா கல்லறைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி. சுற்றிலும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

பிரமுகர் வந்து, என்னம்மா பிரச்சினை என்று கன்னடத்தில் கேட்டார். அம்மாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். "கன்னடமும் எங்க பாஷைதான் சார், நான் படிச்சதே அதுலதான். கன்னடத்துல ஒரு கல்லு பக்கத்துலயே வைங்க, நானே மாலை போடறேன். ஆனா இந்தக் கல்லத் தொட விடமாட்டேன். உங்க பேரு இவர் தலைமேல உக்காரவும் விடமாட்டேன்."

அவர் கூட வந்திருந்த காமிராக்காரர்களைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மாலையைப் பழைய கல்லுக்கே போட்டுவிட்டுப் போனார். கிரானைட் வந்த லாரியிலேயே திரும்பியது.

அதற்குத் தண்டனையாக, எங்கள் குடும்பத்துக்கு இனி அங்கே இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. "செத்தப்புறம் நான் எங்க படுத்தா என்ன" என்பாள் அம்மா. அவளை ஊருக்கு வெளியே புதுத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம்.

இன்று அந்தப் பழைய தோட்டத்தில் வெள்ளையடிப்பாரும் இல்லை, அன்று எங்கள் பின்னால் நின்ற பெண்களும் இல்லை. சிறகு விரித்த பளிங்குத் தேவதூதர் சிலைகள் இருந்த இடத்தில் சிமென்ட் அடுக்குக் கல்லறைகள் எழும்பிவிட்டன. பாட்டன் கல்லு மட்டும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. வண்டி திரும்ப இடம் வேண்டும், மதிலோரம் நகர்த்திவிடுகிறோம் என்று புதிய கமிட்டி நேற்று போனில் சொன்னது. முடியாது என்றேன். நாளைக் காலை ஆட்கள் வருகிறார்களாம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.