பழுப்புப் பூ ஒற்றிய சுவர்

அக்காவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவள் சுவரில் துணியும் அட்டையும் ஒட்டி அலங்கரித்துக்கொடுத்த வீட்டுக்காரர்கள். உடலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர்களின் கண் அடுத்துப் போனது எங்கள் வீட்டுச் சுவருக்குத்தான். காரை பெயர்ந்து, விரிசல் விட்டு, அப்படியே கிடந்தது.

"ஊர்ச் சுவரையெல்லாம் சிங்காரிச்சவ, தன் வீட்டை இப்படிப் போட்டு வெச்சிருக்காளே" என்று ஒரு பெண்மணி என் காதருகே சொன்னார். தலையாட்டினேன். ஏன் என்பதைச் சாவு வீட்டில் சொல்ல முடியாது.

இந்த வேலையை அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தது அவள் புருஷன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கல்யாணமான புதிதில், சாப்பாடு ஆறிவிட்டது என்று ஸ்பானரை வீசினார். அக்கா குனிந்துகொண்டாள், சுவரால் குனிய முடியவில்லை. அடுப்படிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பார்த்தால் என்ன சொல்வது என்று பயந்து, மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய பருத்திப் புடவையின் முந்தானையை வெட்டி அதன்மேல் ஒட்டினாள். சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தாள். பார்த்தவர்கள் ஆசைப்பட்டுச் செய்த அலங்காரம் என்றே நினைத்தார்கள்.

அவர் ஓயவில்லை. அவளும் ஓயவில்லை. நாற்காலி பட்டுப் பிளந்த இடத்தில் சாக்குத்துணியை விறைப்பாக இழுத்து ஆணியடித்து, ஓரத்தில் கயிறு பின்னினாள். அவர் குத்திய பள்ளத்தில் முட்டை அட்டையை ஊறவைத்து அரைத்து அப்பி, காய்வதற்குள் கரண்டிக் காம்பால் இலைகள் கீறினாள்.

ஒருமுறை முடியைக் கொத்தாகப் பிடித்து அவளைக் கூடத்துச் சுவரில் மோதினார். காதுக்கு மேலே பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்து சுவருக்கு வெள்ளையடித்தாள். ரத்தக் கறை பழுப்பாக மேலே வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. கடைசியில் அதே பழுப்பைக் கலக்கி, ஸ்பாஞ்சுத் துண்டில் தொட்டுத் தொட்டுச் சுவர் முழுக்கப் பூவாக ஒற்றிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து அசந்து போனாளாம். "இந்தக் கலர் எங்கடி வாங்கின? எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

"கடைல கிடைக்காதுக்கா. வீட்லயே எடுக்கணும்" என்றாளாம் அக்கா.

பிறகு ஒரு நாள் அவர் மகளின் கையை முறுக்கினார். மணிக்கட்டு முறிந்தது. அக்கா அப்பாவுக்குச் சொல்லியனுப்பினாள்: எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா வீட்டைவிட்டால் அவளுக்கும் குழந்தைக்கும் போக இடமில்லை. அப்பாவோடு நானும் போனேன். கூடத்தில் அக்கா புருஷனும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில், மாவுக்கட்டோடு குழந்தை.

"மாடிப்படில விழுந்துட்டா மாமா" என்றார் அவர்.

"அடிதடி நடக்கற வீடு மாதிரியா இருக்கு சம்பந்தி?" என்றார் மாமியார். "சுவத்தப் பாருங்க. ஊர்க் கண்ணே பட்டுடும்."

அப்பா எழுந்து போய்ப் பழுப்புப் பூக்களைத் தடவிப் பார்த்தார். சாக்கின் பின்னலை விரலால் தொட்டார். அக்காவின் முகம் வெளிறுவதை நான் பார்த்தேன்.

"ஏம்மா, நிம்மதி இல்லாதவளா உக்காந்து இவ்வளவு நுணுக்கமா செய்வா? கோவம் எந்த ஆம்பளைக்கு இல்ல? கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார் அப்பா.

அக்கா அடுப்படிக்குப் போய்ச் சுரண்டும் தகட்டை எடுத்தாள். அங்கேயே சுவரில் ஒட்டியிருந்த புடவைத் துணிக்குக் கீழே தகட்டை நுழைத்துக் கிழித்தாள். "இங்க பாருங்கப்பா. இது ஸ்பானர்."

கூடத்துக்கு வந்தாள். சாக்கு ஆணியோடு பிய்ந்து வந்தது. "இது நாற்காலி." முட்டை அட்டை இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. "இது அவர் கை." பிறகு பழுப்புப் பூக்களைச் சுரண்டினாள். தூள் அவள் பாதத்தில் கொட்டியது. முடியை விலக்கித் தழும்பைக் காட்டினாள். "இது நான்."

"என் மானத்தையாடி வாங்கற!"

அவர் பாய்ந்தார். எங்கள் எல்லார் கண்ணெதிரிலும் அதே கொத்து முடி, அதே சுவர். கனமான கதவை அறைந்து சாத்தியது போலக் கேட்டது. மறுபடி அவர் அவள் தலையைப் பின்னால் இழுத்தபோது அப்பாவின் கையில் முக்காலி இருந்தது. எங்களை ஒரு நாளும் கைநீட்டி அடிக்காத அப்பா. முதல் அடி அக்கா புருஷனின் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிவது கேட்டது. அடுத்தது வாயில். பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. அப்பா மறுபடி ஓங்கியபோது நான் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

அன்று மோதியதிலிருந்து அக்காவுக்கு வலிப்பு. அதே கைவேலையில் மகளை வளர்த்து ஆளாக்கினாள். ஒரு வீட்டில் முஷ்டியளவு பள்ளம் இருந்தால் தன் கையை அதில் வைத்துப் பார்ப்பாள். வீட்டுப் பெண்ணிடம், "யாரு?" என்பாள். பதில் வரும்வரை பசை காய்ச்சமாட்டாள். ஏணிமேல் நின்று ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன வாரம் வலிப்பு வந்து கீழே விழுந்தாள்.

அப்பா முக்காலியைத் தூக்கிய அன்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். மேலே மாமியார் அலறிக்கொண்டிருந்தார்: "ஐயோ, லட்சணமா இருந்த சுவத்த இப்படிப் பாழாக்கிட்டுப் போறாளே!"

அக்காவின் காதோரம் ரத்தம் வழிந்தது. அப்பா தோள் துண்டால் அழுத்திப் பிடித்தார்.

"நான் தொட்டுப் பாத்தேனேம்மா" என்றார். "ஒண்ணுமே தெரியலியே."

"நல்லாத்தான்ப்பா ஒட்டியிருந்தேன்" என்றாள் அக்கா.