எண்டர் கீயில் ஒரு விரல்

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற சோலி இருந்தா பாரும்" என்று எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன். இது எனக்கு நடந்தது. 1988 ஜூன் 16, வியாழக்கிழமை, மட்டாஞ்சேரியில். ராத்திரிகூட இல்லை, பகல்.

என் பெயர் சங்கரலிங்கம். ஊர் தென்காசிப் பக்கம். அப்போது கலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக். கொச்சியில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் சுக்கு, மிளகு வியாபாரி அமீருதீன் பாய். அவர் மகன் முஹம்மது ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போன மெஷின் அது.

ஜூன் 7 காலையில் நான் போய் அதைத் திறந்து, தூசி தட்டி, மூடிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து அது கிளம்பவில்லை. சுவிட்ச் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. 16-ம் தேதி காலை பாய் கடைக்கு போன் போட்டார். "உங்க ஆளு உள்ள இருந்த சிப்ப உருவிட்டான்." அந்தக் காலத்தில் சிப் என்றால் தங்கம். உருவி விற்றவர்களும் உண்டு. நான் அந்தக் கூட்டம் இல்லை.

முதலாளி வெங்கிடேஸ்வரன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இன்னிக்கு அது ஓடணும். ஓடலைன்னா நீ திரும்பி வராதே. எங்கேயும் வேலை கிடைக்காதபடி நானே சொல்லிடுவேன்." செய்யாத திருட்டுக்குப் பட்டம். ஊருக்குத் திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பது?

மதியம் 2:20. மாடி அறை. வெளியே அடைமழை. பாய் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். கண் என் கைமேலேயே இருந்தது.

"பையத் தொற."

திறந்து காட்டினேன்.

"சட்டப் பாக்கெட்டு?"

"நாக்கையும் நீட்டணுமா பாய்?"

அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றினேன். சிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். எல்லாம் இருந்தன. அவரும் ஒரு தடவை எண்ணினார். "பழச மாத்தி வெச்சிருப்பே," என்றார்.

2:50. சுவிட்ச் போட்டேன். விசிறி இரைந்தது. மெஷின் தன் மெமரியை எண்ண, திரையில் எண்கள் ஏறின. 64... 128... 256... 640. எல்லாம் சரி என்றால் ஒரு பீப் வரும். இரண்டு வந்தது. பீப்... பீப். திரையில் ஓர் எண், அதை ஒட்டி 301.

301 என்றால், மெஷின் கிளம்பும்போது யாரோ ஒரு கீயை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு முன்னால் வரும் எண், எந்தக் கீ என்று சொல்லும். புத்தகத்தைப் புரட்டினேன். எண்டர் கீ.

அப்பாடா என்று இருந்தது. கீ சிக்கியிருக்கிறது, அவ்வளவுதானே! நெம்பி எடுத்தேன். உள்ளே சுத்தம். ஸ்பிரிங் துள்ளியது. மாட்டிவிட்டு மறுபடி போட்டேன். பீப்... பீப். 301. எண்டர்.

3:25. கடையிலிருந்து கொண்டுவந்த புதுக் கீபோர்டை உறை பிரித்து மாட்டினேன். அதே எண்டர். இப்போது என் சந்தேகம் பாய்மேல் திரும்பியது. என்னைத் துரத்த ஏதாவது தில்லுமுல்லு செய்கிறாரோ?

"பாய், ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

தூக்கினார். பீப்... பீப்.

கதவருகே நின்ற லதீஃபா லேசாகச் சிரித்தாள். முஹம்மதின் மனைவி. சாயா கொண்டுவந்திருந்தாள்.

"அவங்களும் இப்படித்தாண்ணே. மெஷின் எண்ணி முடியறதுக்குள்ள எண்டர அமுக்கிட்டு நிப்பாங்க. ஒரே அவசரம், ஆக்ராந்தம்."

எனக்குப் புரிந்தது. அந்த மெஷின்களில் நாளையும் நேரத்தையும் நினைவில் வைக்கும் பேட்டரி கிடையாது. ஒவ்வொரு தடவையும் தேதி என்ன, மணி என்ன என்று கேட்கும். யாரும் பதில் அடிக்க மாட்டார்கள். எண்டரை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். முஹம்மதுக்கு அதற்கும் பொறுமை இல்லை போல.

"அவங்க லெட்டர் வந்து ரெண்டு வாரமாச்சு," என்றாள். சிரிப்பு போய்விட்டது.

4:40. கீபோர்டையே பிடுங்கிக் கட்டில்மேல் வைத்தேன். கீபோர்டே இல்லை என்று சொல்ல இனி 301 மட்டும் வரலாம். எந்தக் கீ என்ற எண் வர வழியே இல்லை. கீயே இல்லையே!

சுவிட்ச்.

64... 128... 640...

பீப்... பீப்.

எண் வந்தது. எண்டர்.

வயர் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாயைப் பார்த்தேன். அவர் உதடு ஏதோ ஓதியது.

அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். போட்டேன்.

5:10. இப்போது பீப் நிற்கவில்லை. பீப்... பீப்... பீப்... ஒரு கீயை விடாமல் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

முதுகில் வேர்த்தது.

பீப்... பீப்...

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். வேலை போகப்போகிறது. திருடன் என்ற பெயரோடு.

யாரிடம் என்று தெரியாமலே கத்தினேன்.

"யாருய்யா அது? விரல எடு! எடுத்துத் தொலையேன்! எம் பொழப்பு போகுதுய்யா!"

பீப்...

நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

திரை தேதி கேட்டது.

கீபோர்டை மாட்டினேன். எண்டர் தட்டினேன். ஓடியது. பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். பத்துத் தடவையும் ஓடியது.

சர்வீஸ் சீட்டில் 'சரியான நேரம் 5:12' என்று எழுதினேன். பாய் கையெழுத்துப் போட்டார். "தப்பா நெனச்சுட்டேன் பிள்ளே," என்று என் கையைப் பிடித்தார். முதலாளியும் மறுநாள் ஒன்றும் பேசவில்லை. வேலை தப்பியது.

சனிக்கிழமை காலை 11 மணி. பாய் கடைக்கே வந்தார். சவரம் செய்யாத முகம். மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"முஹம்மது மௌத்தாயிட்டான் தம்பி."

ஜூன் 7 சாயங்காலம் ஷார்ஜாவில் ஒரு லாரி மோதியிருக்கிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் நினைவே இல்லை. வீட்டில் பயந்துவிடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் மறைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவுதான் டிரங்க் கால் வந்ததாம்.

"உடம்பு முழுக்க அசைவில்லையாம். வலது கைல ஒரு விரல் மட்டும் கட்டில அமுக்கிட்டே இருந்துச்சாம். நர்சுமாரு எவ்வளவு நிமித்தியும் வரலையாம். வியாழக்கிழம தானா எடுத்தானாம். அதோட மூச்சும் நின்னுச்சாம்."

"எத்தனை மணிக்கு பாய்?"

"அங்க மூணு நாப்பத்திரண்டு."

ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன். இங்கே 5:12.

பாயும் கூட்டியிருந்தார். அதற்காகத்தான் வந்திருந்தார்.

"ஒம்பது நாள் பிடிச்சிட்டுக் கெடந்தான்..." என்றார். "நீ எதுக்குத் தம்பி அவன விரல எடுக்கச் சொன்னே?"

கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார்.